மழைநீரும் மனிதக் கையும்: மிக்வே எழுப்பும் கேள்வி

யூதர்கள் சமயத் தூய்மைக்காக மூழ்கும் குளத்துக்கு மிக்வே என்று பெயர். மாதவிலக்கு முடிந்த மணமான பெண்களும், யூத சமயத்தில் புதிதாகச் சேர்வோரும் இதில் முழுதும் மூழ்கி எழுகின்றனர். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வெறும் குழாய்நீரால் நிரப்பிய தொட்டி மிக்வே ஆகாது. கூரையில் பெய்து, தானே வழிந்து சேர்ந்த மழைநீர் ஆகும். இந்த வேறுபாடு எதனால்?

யூத வேதத்தில் லேவியராகமம் 11:36 ஊற்றையும் நீர் தேங்கும் குழியையும் ஒருங்கே தூய்மையானவை என்கிறது. ஊற்று மனிதர் ஆக்கியதன்று. ஆகவே அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட குழியின் நீரும் மனிதர் முகந்ததாக இருக்கலாகாது என்று யூத சமய அறிஞர்களான ரபிகள் கொண்டனர். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கென்றே 'மிக்வாவோத்' என்ற பகுதி உண்டு. மிக்வேயின் குறைந்த அளவு 40 செயா; பலர் இதை ஏறத்தாழ 575 லிட்டர் எனக் கொள்கின்றனர். அந்த அளவு நிறையுமுன் மூன்று லோக், அதாவது அதே கணக்கில் சுமார் 1.8 லிட்டர், முகந்த நீர் கலந்தாலே குளம் தகுதி இழக்கும். நிறைந்தபின் எவ்வளவு கலந்தாலும் தகுதி கெடாது.

குழாய் அமைப்பும் இந்த விதியையே பின்பற்றுகிறது. கூரையிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் குழாயில் நீரைத் தேக்கும் பள்ளம் இருக்கலாகாது. இருந்தால் அது பாத்திரமாகி, நீர் முகந்ததாகிவிடும். மழைநீர் ஒரு சேமிப்புக் குழியில் தங்கும். பக்கத்தில் மூழ்கும் தொட்டி குழாய்நீரால் நிரப்பப்படும். அதை வெதுவெதுப்பாக்கலாம், அடிக்கடி மாற்றலாம். இடைச்சுவரில் உள்ள துளை வழியே இரு நீரும் தொடும்போது தொட்டிநீரும் தகுதி பெறும். சில இடங்களில் குழாய்நீரை மழைநீர்க் குழியினுள் விட்டு, வழியும் நீரைத் தொட்டிக்குள் செலுத்துகின்றனர்.

அழுக்கு நீக்குவதே நோக்கமென்றால் இத்தனை கட்டுப்பாடு வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்ட நூலான 'மிஷ்னே தோரா'வில் இதைத் தெளிவாக்கினார்: இங்கே சொல்லப்படும் தீட்டு நீரால் கழுவப்படும் சேறன்று, மூழ்குவது வேதக் கட்டளை, அதன் பயன் மனத்தின் நாட்டத்தைச் சார்ந்தது. இந்த நோக்கில், மழைநீர் வேதியியல் முறையில் மேலானது என்பதால் வேண்டப்படுவதில்லை. குழி வெட்டுவதும் குழாய் பதிப்பதும் மனிதர் வேலை. நீரைத் தருவது அவர் வேலையன்று. தூய்மை தானே ஈட்டிக்கொள்ளும் பொருளன்று, பெற்றுக்கொள்ளும் கொடை என்ற நம்பிக்கையை அந்தப் பாகுபாடு காக்கிறது.