சாட்சி என்றால் முழுச் சாட்சி

மதுரைப் பக்கத்துச் சபைகளில் அடக்க ஆராதனையின்போது வீட்டார் ஒருவர் எழுந்து ஒரு தாளை வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாழ்க்கைக் குறிப்பு என்று அதற்குப் பெயர். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பார்த்த வேலை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கடைசியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். எண்பது வருஷத்து வாழ்க்கை இரண்டு நிமிடத்தில் வாசித்து முடிந்துவிடும். பெரும்பாலும் அது முந்தின ராத்திரி, அழுகைக்கு நடுவே, ஆளாளுக்குக் கேட்டு எழுதினதாக இருக்கும். சொல்ல வேண்டியவரோ பேச்சற்றுப் பெட்டிக்குள் கிடப்பார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் விசுவாசத்தின் ஒரு கடமை என்று நான் நம்புகிறேன்.

ஏன் என்று சொல்ல, 'சாட்சி' என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். சபையில் எழுந்து நின்று சொல்வதும் சாட்சி, கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வதும் சாட்சி. மதுரைக்காரர்களுக்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. கல்யாணம் நடந்ததை நம்ப ஆளில்லாமல் தவித்த ஒரு பெண்ணுக்காக வன்னிமரமும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து நின்றதாகத் திருவிளையாடல் சொல்கிறது. பேச்சு எடுபடாதவர் பக்கம் வந்து நிற்பதே சாட்சி என்ற அர்த்தம் இந்த ஊரின் நினைவிலேயே ஊறியிருக்கிறது. கிறிஸ்தவர்களும் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரை அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு அவர் மறைசாட்சி, புராட்டஸ்டன்டுகளுக்கு இரத்தசாட்சி.

இங்கே எழுதிவைக்கும் பழக்கம் புதிதல்ல. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த காலத்திலிருந்து இயேசு சபைக் குருக்கள் தங்கள் தலைமைக்குக் கடிதங்கள் அனுப்பிவந்தார்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்படுவதற்கு முந்தின நாள்கூட, அவர்களில் ஒருவரான அருளானந்தர் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் நம் ஊர்ச் சனங்களின் கதைகள் உண்டு. ஆனால் சனங்கள் அவற்றில் பேசவில்லை, அவர்களைப் பற்றிக் குருக்கள் பேசினார்கள். மொழியும் ஐரோப்பிய மொழி.

அடுத்து, இந்த மண்ணில் பிறந்த ஒருவரே பேனாவை எடுத்தார். மிஷனரி ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) மேற்கு மலையடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் குடியேறி, மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். 1860இல் அந்த வட்டாரத்தில் எழுந்த எழுப்புதலில் முன்னே நின்றவர் அவர். தம் நாட்களைத் தாமே எழுதிவைத்தார். ஆனால் அந்த நாட்குறிப்புகள் நூலாக வந்தது 1939இல், அதுவும் ஆங்கிலத்தில், ஜி. எச். லாங் தொகுத்து. பேசியவர் நம்மவர், கேட்டவர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

சொந்தப் பேச்சில், சொந்தச் சனம் கேட்க, உள்ளதை உள்ளபடி சொன்ன சாட்சி 1992இல் வந்தது. எழுத்தாளர் பாமா தம் வாழ்க்கையைச் சொன்ன 'கருக்கு'. அதை வெளியிட்டது மதுரையின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம், இயேசு சபையாரின் நிறுவனம். கருக்கு என்பது பனைமட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் ரம்பப் பல். விறகு பொறுக்கும் கையைக் கிழிப்பது. இருபுறமும் கருக்குள்ள பட்டயம் என்று வேதம் சொல்வதையும் பாமா அதோடு சேர்த்துப் பார்க்கிறார். அந்தப் புத்தகத்தில் ஒரு காட்சியை மறக்க முடியாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. சாதிதான் காரணம் என்று அண்ணன் சொன்னபிறகு அந்தச் சிரிப்பு செத்துப்போகிறது. தாம் இருந்த கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி இருந்ததை அவர் மறைக்கவில்லை. மடத்தை விட்டு வெளியே வந்தபின் எழுதின புத்தகம் அது.

'இது புகார், சாட்சி ஆகுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சுவிசேஷங்களே பதில் சொல்லும். பேதுரு ஆண்டவரை மறுதலித்த கதை நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. அவர் திருச்சபையின் தூண். அவருடைய வெட்கத்தை அழித்துவிடச் சபைக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்திருக்கும். அழிக்கவில்லை. தோல்வியையும் சேர்த்துச் சொன்னால்தான் கிருபை எங்கே வந்தது என்று விளங்கும். காயத்தை விட்டுவிட்டு, ஆறின கதையை மட்டும் எழுதினால் கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. அது கோர்ட்டில் பாதியைச் சொல்லிவிட்டு இறங்குவது போல.

ஆகவே எழுதப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 'ஆண்டவர் உங்களை எப்படி நடத்தினார்?' என்று தொடங்காதீர்கள். எல்லாரும் சொல்லும் பதில்தான் வரும். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பழைய வேதாகமத்தின் முன்பக்கத்தில் மங்கிப்போன பிறந்தநாள் வரிசை, சம்பளச் சீட்டு, கல்யாணப் போட்டோ. 'பாட்டி, இந்தப் போட்டோவுல ஏன் உங்கப்பா இல்ல?' என்று கேட்டால் ஒரு முழுக் கதை வெளியே வரும். போனில் பதிவு செய்தால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்கள் பேச்சை நிரப்பாதீர்கள். அவர் பேச்சைப் பிரசங்கத் தமிழாக மாற்றாதீர்கள். 'வயித்துக்கில்லாம கெடந்தோம்' என்றால் அப்படியே எழுதுங்கள். 'வறுமையில் வாடினோம்' என்பது அவருடைய வாக்கு அல்ல. மற்றவர் மானத்தைத் தொடும் இடத்தில் பேரை விட்டுவிடலாம், நடந்ததை மாற்றக் கூடாது.

முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் வாசித்துக் காட்டுங்கள். தேதியைத் திருத்துவார், ஒரு வரியை எடுக்கச் சொல்வார். அவர் சொன்னபடி செய்யுங்கள். சில சமயம், அதுவரை சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொல்லத் தொடங்குவார். பேனாவை மூடிவிடாதீர்கள்.