ஊகமும் அறமும்

விமானமொன்று தரையிறங்குகையில் நொறுங்கியது என்ற செய்தி வந்தவுடன் இருசாரார் பேசத் தொடங்குகின்றனர். உற்றாரை இழந்தோர் ஒருசாரார். அவர்தம் பேச்சிற் பெரும்பகுதி அழுகை. மற்றையோர் விமான ஆர்வலர். இரைச்சலைக் கொண்டே இயந்திரத்தின் வகையைக் கூறவல்லவர்கள் இவர்கள். விமானம் தாழ்வதைப் பார்க்கவென்றே வேலியோரத்திற் காத்து நிற்போர் எந்நாட்டிலும் உளர். 2019 இல் பலாலிக்குச் சர்வதேச விமானநிலையம் என்ற தகுதி கிடைத்துச் சென்னை விமானங்கள் வரத் தொடங்கிய பின்னர், குடாநாட்டு இளைஞர்க்கும் இவ்வார்வம் எட்டாத ஒன்றன்று. விபத்தின் செய்தி கேட்ட சில மணி நேரத்துக்குள் இவர்கள் காற்றின் திசையையும் ஓடுபாதையின் நீளத்தையும் விமானத்தின் வேகத்தையும் கணக்கிட்டுக் காரணத்தை உரைத்து விடுகின்றனர். இறந்தோர் இன்னும் அடக்கஞ் செய்யப்படாத வேளையில் இவ்வாறு ஊகிப்பது தகுமா என்பது ஆராயத்தக்க அறவினாவாகும்.

கோழிக்கோட்டில் நிகழ்ந்தது இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல். 2020 ஆகஸ்ட் 7 ஆம் நாள், பெருந்தொற்றுக் காலத்தில் டுபாயிலிருந்து ஊர் திரும்பியோரை ஏற்றிவந்த ஏயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேட்டு நிலத்தில் அமைந்த கரிப்பூர் ஓடுபாதையில் மழையினிடையே இறங்கியது. விளிம்பைக் கடந்து சரிவில் வீழ்ந்து உடைந்தது. அதிற் பயணஞ் செய்த 190 பேரில், விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். உடனே இரண்டு கதைகள் பிறந்தன. சக்கரங்கள் வெளிவரவில்லை, விமானி மும்முறை வட்டமிட்டு எரிபொருளைத் தீர்த்தார், இறுதிக் கணத்தில் இயந்திரத்தை நிறுத்திப் பயணிகளைத் தீயினின்று காத்தார் என்பது ஒன்று. பிழை முழுவதும் விமானியுடையதே என்பது மற்றொன்று.

விசாரணை அறிக்கை ஓராண்டுக்குப் பின், 2021 செப்டெம்பரில் வெளிவந்தது. முதன்முறை இறங்க முயன்று கைவிட்ட விமானம், மறுபுறமிருந்து பின்காற்றோடு வந்து, ஏறத்தாழ 2,700 மீற்றர் நீளமான ஓடுபாதையின் நடுப்பகுதியிலேயே நிலந்தொட்டது. மீண்டும் மேலெழுமாறு துணைவிமானி கூறியும் அது செய்யப்படவில்லை. வீரக்கதை இதனாற் பொய்த்தது. அவ்வாறாயின் பழித்தோர் வென்றனரா? விமானி நடைமுறையினின்று வழுவியமையே காரணமாகலாம் என அறிக்கை கூறியது உண்மை. ஆயின் அதே அறிக்கை, நிறுவன அமைப்பிலிருந்த குறைகளையும் பங்களித்த காரணியாகச் சுட்டியது. மறுநாட் காலைப் பயணத்தையும் அவ்விமானியே நடத்தவேண்டியிருந்தமை, அத்தளத்தில் மூத்த விமானிகள் போதாமை, அவர் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் செவ்வனே இயங்காமை என்பனவும் அதில் இடம்பெற்றன. விமானியின் பிழை என்று அன்றிரவே முழங்கியவர் இவற்றுள் எதனையும் அறிந்திலர். அவர் கூற்றின் ஒரு பாதி பின்னர் மெய்யானது. எனினும் கூறிய வேளையில் அவரிடம் அதற்குச் சான்று இருக்கவில்லை. குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டால் எறிந்தவனுக்குக் குறி தெரியும் என்றாகாது.

சைவசித்தாந்த அளவை நூலோர் இவ்விடயத்தில் நமக்கு உதவுகின்றனர். காண்டல், கருதல், உரை என அறியும் வழிகளை வகுத்த சிவஞானசித்தியார், ஐயத்தையும் திரிவையும் மெய்க்காட்சியினின்று விலக்குகிறது. மாலை மங்கலில் தொலைவில் நிற்பது கட்டையோ ஆளோ எனத் தடுமாறுதல் ஐயம்; கட்டையை ஆளென்றே துணிதல் திரிவு. ஐயுறுபவன் இரண்டையும் மனத்தில் வைத்திருக்கிறான். அருகிற் சென்று பார்க்க அவனுக்கு வழி திறந்தே கிடக்கிறது. காற்று எத்திசையினது, ஏன் அத்திசையில் இறங்கினர் என்று வினவும் ஆர்வலன் இவ்வகையினன். அவனைக் குறைகூற இடமில்லை. விசாரணையாளரும் இவ்வாறே தொடங்குகின்றனர். புகையிலிருந்து நெருப்பைக் கருதும் படியை எட்டுமுன்னரே, ஐயத்தை அறிந்தோர் வாய்மொழிபோல் உரைப்பவன்தான் தவறுகிறான். நம்பத்தக்கோர் உரைக்கு உலகம் அளிக்கும் மதிப்பை அவன் கடனாகப் பெறுகிறான். அக்கடனை அடைப்பவரோ மறுமொழி கூறவியலாத இறந்த விமானியும் அவருடைய வீட்டாரும்.

“அறிக்கை வரும்வரை வாய்மூடியிருங்கள்” என்பதே வழக்கமான அறிவுரை. இதில் நியாயம் உண்டு. 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பின்படி, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்து மீண்டும் நிகழாமற் காத்தலே. பழியைப் பங்கிடுதல் அன்று. விசாரணையாளரே அமர மறுக்கும் நீதிபதியின் ஆசனத்தில் ஆர்வலர் சென்றமர்வது வியப்புக்குரியது.

ஆயினும் இவ்வறிவுரை முழுமையானதன்று. 1978 நவம்பர் 15 ஆம் நாளிரவு, ஜித்தாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நாட்டு டி.சி.-8 விமானம் கட்டுநாயக்காவில் இறங்கமுயன்று தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். பணியாளர் பதின்மூவருள் எண்மர் அவருள் அடங்குவர். விமானிகள் உரிய நடைமுறையைப் பின்பற்றாமையே காரணம் என்றது இலங்கை அறிக்கை. ஐஸ்லாந்து, அமெரிக்கத் தரப்பினரோ நிலையத்துக் கருவிகளின் பழுதையும் கட்டுப்பாட்டாளரின் தவற்றையும் சுட்டினர். எந்த அறிக்கை வரும்வரை காத்திருப்பது? ஒவ்வொரு நாடும் தன் பக்கத்துப் பிழையைச் சிறிதாகக் காணும் இயல்புடையதாயின், எப்பக்கமும் சாராத ஆர்வலர் இரண்டையும் ஒப்புநோக்கி ஓயாது வினவுதல் இடையூறாகாது, பணியாகும்.

அறிக்கை என்ற ஒன்றுக்காக ஏங்கி நின்றோரை யாழ்ப்பாணம் நன்கறியும். 1998 செப்டெம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடற்பகுதியில் மறைந்தது. அது தரையிறங்குகையில் நேர்ந்த விபத்தன்று. சுட்டு வீழ்த்தப்பட்டது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. ஆயினும் இரணைதீவுக்கு அண்மையிற் கடலடியில் சிதைவுகள் 2012 இற் கண்டறியப்படும்வரை, பதினான்கு ஆண்டுகள், உறவினர்க்கு ஊகத்தைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அவர்களை நோக்கி ஊகிக்காதீர் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? அவர் ஊகம் எவர்மீதும் தீர்ப்பாக எழுந்ததன்று. அந்த விமானம் எங்கே என்பதே அவர் கேட்ட கேள்வி.