பிழை ஒன்று, பழி இரண்டு

செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானங்களின் தரையிறக்க விபத்துகளில் ஒரு வகை அடிக்கடி நேர்வது. வேகம் சற்றுக் கூடுதலாக இறங்கும் விமானம் ஓடுபாதையில் பட்டுத் துள்ளுகிறது. மூக்கு மேலெழுவதைக் கண்டு பதறும் மாணவர் கட்டுப்பாட்டுப் பிடியை முன்னே தள்ளுகிறார். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோத, விமானம் இன்னும் உயரமாகத் துள்ளுகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் மூக்குச் சக்கரத் தண்டு முறிந்து, புரொப்பெல்லர் தரையில் அடிபடும். முதல் துள்ளலிலேயே முழு விசை கொடுத்து மேலே ஏறிவிடுவதுதான் முறை.

இதே பிழையைச் செய்த இன்னொரு மாணவரின் விமானம், காற்று சீராக இருந்ததால் சேதமின்றி நின்றுவிடலாம். அவருக்குக் கண்டிப்போடு போயிற்று, முன்னவருக்கோ விசாரணை. கவனக்குறைவு ஒன்றாக இருக்கையில் பழி ஏன் வேறுபடுகிறது?

செயலை நோக்கத்தால் எடைபோட வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்களும் விளைவைக் கண்டதும் மாறிவிடுவதைத் தத்துவஞானி ஆடம் ஸ்மித் 1759இலேயே சுட்டிக்காட்டினார். நல்லெண்ணத்தின் மதிப்பு பயனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றார் தத்துவஞானி காண்ட். 1976இல் தத்துவஞானிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இச்சிக்கலைத் 'தார்மீக அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தனர். விளைவு மட்டுமல்ல, ஒருவர் எதிர்கொள்ளும் சூழலும் அவர் கையில் இல்லை என்பது நேகலின் வாதம்.

பயிற்சியில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மாணவர் தவறுவார் என்பது தெரிந்ததே; தவறு செய்ய விட்டால்தான் அவர் கற்பார். பயிற்றுநரின் கை பிடிக்கு அருகிலேயே காத்திருக்கும். முந்தினால் பாடம் கெடும், பிந்தினால் விமானம் கெடும். எனவே மாணவரின் பிழையில் பயிற்றுநருக்கும் பங்குண்டு. தனியே பறக்க அனுமதித்தவர் அவரே என்றால், உடன் இல்லாதபோதும் அந்த முடிவுக்கு அவர் பொறுப்பாளி.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துத் தடுப்பே, பழி சுமத்துவதன்று என்கிறது. இவ்விதி காரணத்தையும் குற்றத்தையும் பிரிக்கிறது. தண்டனைக்கு அஞ்சாமல் உண்மை சொல்லவும் வழி செய்கிறது. ஆயினும் தன் கையால் நேர்ந்ததற்காக ஒருவர் படும் வருத்தத்தை அது தீர்ப்பதில்லை. குற்றமற்றவருக்கும் அவ்வருத்தம் இயல்பு என்றார் வில்லியம்ஸ். ஆக, பழியை அளக்க வேண்டியது முடிவெடுத்த நொடியில் கைக்கு எட்டியதை வைத்தே. நேர்ந்த சேதத்தை ஈடுசெய்யும் கடமை அதற்கு அப்பாலும் நீளும்.