தர்மத்துக்கு ஆள் அனுப்பலாமா?



மாதர் சங்கங்கள் இன்று ஊர்தோறும் உண்டு. மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திப்பது, ஏழைப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பது, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அரிசியும் சேலையும் வழங்குவது என்று அவை செய்யும் ஊழியம் பல. இவற்றைக் குறித்து இருவகைப் பேச்சு காதில் விழுகிறது. "தர்மம் செய்ய மனமிருந்தால் போதாதா? தலைவி, காரியதரிசி, சந்தாப் புத்தகம் எல்லாம் எதற்கு?" என்பார் ஒருவர். "சந்தாவைத் தவறாமல் கட்டுகிறேன், கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், என் கடமை தீர்ந்தது" என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் சரிதானா என்று சற்று யோசிப்போம்.

முதற் கேள்விக்கு விடை 1617-ம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. பிரான்சு தேசத்தில் ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் அப்போது அர்ச். வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாயிருந்தார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் ஆயத்தமாகும் சமயம், ஊருக்குச் சற்றுத் தொலைவில் ஒரு வீட்டில் அனைவரும் நோயாய்க் கிடக்கிறார்கள், ஒருவருக்கொருவர் உதவவும் திராணியில்லை என்ற செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதை அவர் எடுத்துச் சொன்னார். பிற்பகல் அவ்வீட்டுக்கு நடந்து போகையில், வழிநெடுகப் பெண்கள் போவதும் வருவதுமாயிருப்பதைக் கண்டார். வெயில் தாளாமல் சிலர் பாதையோரம் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகளின் வீட்டில் உணவுப் பொருள் குவிந்து கிடந்தது. இன்று வேண்டியதற்கு மேலே இருக்கிறது, மிச்சம் கெட்டுப்போகும், நாளைக்கு இவர்கள் மறுபடி வெறுங்கையாய் இருப்பார்களே என்று அவர் வருந்தினார்.

சில நாட்களுக்குள் அப்பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் முறை வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி அது ஒரு சபையாக முறைப்படி ஏற்பட்டது. அதன் வழிவந்த பெண்கள் சங்கங்கள் இன்றும் பல நாடுகளில் ஊழியம் செய்கின்றன.

பிரசங்கம் கேட்டு மனம் இளகுவது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் பசி செவ்வாய்க்கிழமையும் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைவில் வைத்திருப்பதற்காகவே முறை அட்டவணையும் கணக்குப் புத்தகமும் வேண்டியிருக்கின்றன. ஒழுங்கு அன்புக்கு அந்நியமல்ல. விவேகமுள்ள அன்பின் குணம் அது. ஆகவே சங்கம் எதற்கு என்று கேட்கிறவர், தம் இரக்கம் எத்தனை நாள் நீடித்தது என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது பேச்சு இதைவிடக் கடினமானது. அதற்கும் அர்ச். வின்சென்டின் காலத்திலேயே சோதனை வந்தது. அவருடைய சபை பாரிசு நகரத்துக்குப் பரவியபோது பிரபு குலத்துச் சீமாட்டிகள் பலர் அதில் சேர்ந்தார்கள். நல்ல மனம் படைத்தவர்கள்தாம். ஆயினும் சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சந்துபொந்துகளில் ஏறி இறங்க அவர்களுடைய அந்தஸ்து இடங்கொடுக்கவில்லை. தொற்றுநோய்ப் பயமும் சேர்ந்துகொண்டது. வேலைக்காரிகளை அனுப்பினார்கள். அவர்களுக்கோ அது எஜமானி ஏவிய இன்னொரு வேலை. ஏழையின் கட்டிலருகே உணவு போய்ச் சேர்ந்தது. அன்பு போய்ச் சேரவில்லை.

அந்நாளில் சுரேன் என்னும் ஊரிலிருந்து மார்கரீத் நாசோ என்ற பெண் வந்தாள். மாடு மேய்த்தவள். வழிப்போக்கரிடம் எழுத்துகளைக் கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்று, மற்றச் சிறுமிகளுக்கும் கற்பித்தவள். நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய அவளாகவே முன்வந்தாள். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தன் படுக்கையிலேயே இடங்கொடுத்து, அந்நோயாலேயே 1633-ல் இறந்தாள். அவ்வாண்டு நவம்பரில் அர்ச். லூயிஸ் தே மரியாக் அவளைப் போன்ற சில பெண்களைத் தம் வீட்டில் சேர்த்தார். பிறர் சிநேகப் புதல்வியர் சபை அப்படித்தான் தொடங்கியது.

இங்கே கவனியுங்கள். வேலைக்காரியும் ஏழைப் பெண், மார்கரீத்தும் ஏழைப் பெண். இருவரும் சுமந்தது ஒரே சூப்பு. ஒருத்தி அனுப்பப்பட்டாள், மற்றவள் தானே வந்தாள். வித்தியாசம் அவ்வளவே, ஆனால் அதுவே எல்லாம். பிச்சையிடும் வெளிச்செயல் அன்பில்லாமலும் நடக்கக்கூடும் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் கற்பிக்கிறார். உள்ளதெல்லாம் பகிர்ந்து கொடுத்தாலும் அன்பில்லையேல் பயனில்லை என்று அதற்கு முன்பே அர்ச். சின்னப்பர் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் பணம் மட்டும் கொடுப்பவர்களின் தர்மம் வீணா? இல்லை. 1638 முதல் பாரிசு நகரில் கைவிடப்பட்ட சிசுக்களை ஏற்று வளர்த்த பணிக்கு அந்தச் சீமாட்டிகளின் பொருளே பெருந்துணையாயிற்று. கைக்குழந்தை உள்ளவள், நோயுற்ற மாமியாரை விட்டு நகர முடியாதவள், வயது முதிர்ந்தவள் ஆகியோர் தமக்கு இயன்றதை மனமுவந்து கொடுத்தால் அது முழுமையான தர்மமே. பாத்திரத்தைச் சுமக்க ஆள் அனுப்பலாம். அன்பு செய்ய ஆள் அனுப்ப முடியாது. போக முடியாதவள் வேறு, போக மனமில்லாதவள் வேறு. இதில் நாம் யார் என்பதைச் சங்கத்தின் வருகைப் பதிவேடு சொல்லாது. மனச்சாட்சி சொல்லும்.

இன்னுமொன்று. நம் வீட்டு வேலைக்காரியின் ஓய்வு நாளில் அவளை அழைத்துப்போய்ச் சங்கத்துப் பொட்டலங்களைச் சுமக்கச் செய்தால், அன்று தர்மம் செய்தவள் அவளே, நாமல்ல. அவளுக்கு நியாயமான கூலி கொடாதிருந்துகொண்டு பண்டிகைக்குச் சேலை கொடுத்தாலோ, அது தர்மமே அல்ல. நீதிப்படி கொடுக்கவேண்டியதைத் தர்மம்போல் கொடுக்கலாகாது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் அப்போஸ்தல ஊழியத்தைப் பற்றித் தெளிவாய்ப் போதித்திருக்கிறது.

ஷாத்தியோன் சபைக்கு அர்ச். வின்சென்ட் எழுதிக்கொடுத்த ஒழுங்குகளில் சிறியதொரு விதி உண்டு. உணவு கொண்டுபோகும் பெண், கூட ஆள் உள்ள நோயாளியை முதலிலும், தனியாய்க் கிடப்பவரைக் கடைசியிலும் சந்திக்கவேண்டும். ஏனெனில் கடைசி வீட்டில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கலாம். அரிசியை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். உட்கார்ந்து பேச மனமுள்ள ஒருத்தி வேண்டும்.

இவ்வாரம் உங்கள் சங்கம் கூடும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று கணக்குப் பார்ப்பீர்கள், பார்க்கவேண்டியதுதான். அதோடு, நம் கையால் உதவி பெற்றவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்றும் ஒருவரையொருவர் கேளுங்கள். ஒரு பெயரும் தெரியாதவள், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புமுன் ஒரு வீட்டில் நுழைந்து கால்மணி நேரம் உட்காரட்டும். நோயாளியின் உருவில் தம்மைச் சந்திக்க வருவோரைச் சேசுநாதர் அங்கே காத்திருந்து ஆசீர்வதிப்பாராக.