பூட்டிய கதவும் மறைத்த நோயும்

 

விமானத்தில் ஏறி பெல்ட்டை மாட்டும்போது, முகம் தெரியாத இரண்டு பேரிடம் நம் உயிரை அமானிதமாக ஒப்படைக்கிறோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, விமானி அறையின் கதவை யாரும் உடைத்து நுழைய முடியாதபடி உறுதியாக்கினார்கள். வெளியிலிருந்து ரகசிய எண்ணை அழுத்தினாலும், உள்ளே இருப்பவர் மறுத்துவிட முடியும். உள்ளே இருப்பவர் நம்பிக்கைக்குரியவர் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் நகருக்குப் புறப்பட்ட ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், தலைமை விமானி சிறிது நேரம் வெளியே வந்தார். தனியே இருந்த துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையை நோக்கி இறக்கினார். தலைமை விமானி தட்டினார், கூப்பிட்டார், கதவை உடைக்கவும் பார்த்தார். கொலைகாரனைத் தடுக்கச் செய்த கதவு காப்பாற்ற வந்தவரைத் தடுத்தது. 150 பேரும் இறந்தார்கள்.

அந்தத் துணை விமானி மனநோய்க்காகப் பல மருத்துவர்களைப் பார்த்திருந்தார். இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு மருத்துவர், மனநல மருத்துவமனையில் சேரும்படி பரிந்துரைத்திருந்தார். இது நிறுவனத்துக்குத் தெரியாது. நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது ஜெர்மனியில் குற்றம். உடனடி ஆபத்தைத் தடுப்பதற்கு விதிவிலக்கு உண்டு என்றாலும் மருத்துவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

ரகசியமும் ஓர் அமானிதம்தான். அதற்காக முன்பின் தெரியாத நூற்றைம்பது பேரின் உயிரைப் பணயம் வைக்கலாமா? புறம் பேசுவதைக் கண்டித்த இமாம் நவவி அவர்களே, பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதற்காகச் சொல்வதை அனுமதித்திருக்கிறார்கள். நோயாளி ஒரு விமானி என்று தெரிந்த மருத்துவர் பேசத்தான் வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் பேசினால் வேலை போகும் என்றால், அடுத்த விமானி மருத்துவரிடமே போகமாட்டாரே! (மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.) இந்தத் துணை விமானிக்குப் பயிற்சிக்காக வாங்கிய கடன் இருந்தது. உரிமம் போனால் வருமானமும் போய்விடும். பிரெஞ்சு விசாரணைக் குழு இதையும் கணக்கில் எடுத்தது. மருத்துவர் எப்போது பேசலாம் என்று தெளிவான விதி வேண்டும், உரிமம் இழக்கும் விமானியின் பிழைப்புக்கும் வழி வேண்டும், சக விமானிகளிடம் மனம்விட்டுப் பேச ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இவற்றில் கடைசியானதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் விதியாக்கியது. பிழைப்பைப் பற்றிய பயம் பல விமானிகளுக்கு இன்னும் இருக்கிறது.