வைரவர் மடைக்கு மறுநாள்

கொடியேற்றத்துக்கு இரண்டொரு நாள் இருக்கும்போதே ஊரின் முகம் மாறத் தொடங்கிவிடுவதை அடியார்கள் அறிவர். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த கேற்றுகள் திறபடுகின்றன. வளவுகளில் புல்லுச் செருக்கப்படுகின்றது. கனடா, இலண்டன், பாரிஸ், சுவிஸ், ஜேர்மனி என்று பல திக்குகளிலிருந்தும் வந்தவர்கள் வீதியில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டித் தழுவுகின்றனர். ஐஸ்கிறீம் வானைச் சுற்றி நிற்கும் சிறுவர்களின் வாயில் மூன்று நான்கு மொழிகள் புரளுகின்றன. தேரன்று வடம் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. தீர்த்தமும் பூங்காவனமும் நிறைவேறி, வைரவர் மடையும் முடிந்த இரவே கட்டுநாயக்காவுக்கு வான்கள் புறப்படத் தொடங்கிவிடும். மறுநாட் காலைப் பூசையில் ஐயரும், மணி அடிப்பவரும், இரண்டு மூன்று முதியவர்களுமே நிற்பர்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் தேர்முட்டியடியிலும் தீர்த்தக் கேணிப் படியிலும் ஒரு வார்த்தை தவறாது கேட்கும். "அண்ணை, காணும். இனி வந்து இருந்திடலாமெண்டு யோசிக்கிறன்." அதற்கு ஊரிலுள்ளவர் சொல்லும் மறுமொழியும் மாறுவதில்லை. "வாங்கோ தம்பி, உங்கட ஊர்தானே. ஆரைக் கேக்கவேணும்?" இந்தப் பேச்சு வைரவர் மடையைத் தாண்டாது என்பது இருவருக்குமே தெரியும். ஆயினும் இருவரும் பொய் பேசவில்லை. வருவது முறையா, அங்கேயே இருப்பது முறையா என்ற கேள்வி உண்மையானது. அதற்கு விடை காண்பதுதான் இலகுவானதல்ல.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 1983 ஆம் ஆண்டு ஆடிக்குப் பின் போனவர்களும், 1987, 1990 ஆம் ஆண்டுகளில் போனவர்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பியபின் போனவர்களும் வசதி தேடிப் போனவர்கள் என்று சொல்வது அநீதி. காணியை ஈடு வைத்தும், தாலிக்கொடியை விற்றும், ஏஜென்சிக்காரனிடம் காசைக் கொடுத்துவிட்டு உயிர் தப்பப் போனவர்களே அதிகம். அன்று அவர்களைக் காக்க இயலாதிருந்த ஊர், இன்று "ஏன் வரவில்லை" என்று கேட்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்பதே நியாயம்.

திரும்பி வருதல் என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் மற்றும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்மாராகவும் ஸ்ரேசன் மாஸ்ரர்மாராகவும் உத்தியோகம் பார்த்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோவிலையும், சிங்கப்பூரில் செண்பக விநாயகர் கோவிலையும் எழுப்பியவர்கள் அவர்களே. அவர்களிற் பலர் சேவை முடிந்ததும் ஊருக்கே வந்து கல்வீடு கட்டிக் குடியிருந்தனர். "மலாயன் பென்சனியர்" என்றால் அக்காலத்தில் ஒரு தனி மதிப்பு. வெள்ளை வேட்டியும் குடையுமாக மாலையில் வாசிகசாலைக்கு வந்து பத்திரிகை பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் கணக்கு எழுதுவார். ஆங்கிலத்தில் பெற்றிசம் எழுத வேண்டியவர்கள் அவர் வீட்டுத் திண்ணையிற் காத்திருப்பர். பல கோவில்களின் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் அந்த முத்து முத்தான கையெழுத்தை இன்றும் காணலாம்.

எல்லோரும் வந்துவிடவில்லை. அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மலேசியராகவும் சிங்கப்பூரராகவும் வாழ்கின்றனர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடித்திருந்த காலத்தில் காசும் கடிதமும் வராது இங்கே குடும்பங்கள் பட்ட பாடு வேறு. என்றாலும் வந்தவர்களுக்கு வருவது ஏன் இயல்பாக இருந்தது என்பதை யோசிக்க வேண்டும். அவர்களிற் பலர் பெண் எடுத்தது ஊரில். பிள்ளைகளைப் படிக்க விட்டதும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில். லீவு கிடைத்தால் வந்து போயினர். உத்தியோகம் அங்கே, வீடு இங்கே என்பதில் அவர்களுக்கு மயக்கம் இருக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் பென்சனுடன் கப்பலேறியவர் தன் மனிதரிடம் திரும்பினார்.

இன்று வர நினைப்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் இருக்கின்றனர். இங்கே இருப்பது வளவும், கிணறும், பழைய படங்கள் தொங்கும் சுவரும். அவர் வந்தால் அது திரும்புதல் ஆகாது. தன் மனிதரை விட்டு இரண்டாம் முறை புறப்படுதலே ஆகும். முதன்முறை வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்த தாய் தகப்பனை விட்டுப் போனார். இம்முறை, தாத்தா என்று காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையை விட்டு வரவேண்டும். முதற் பிரிவை நிர்ப்பந்தம் என்று சொல்லலாம். இரண்டாவதை அவ்வாறு சொல்ல முடியாது.

கணக்கும் பார்க்க வேண்டியிருக்கின்றது. கனடாவை எடுத்துக்கொண்டால், பதினெட்டு வயதுக்குப் பின் இருபது வருடம் அங்கே வசித்தவருக்கு முதியோர் ஓய்வுப்பணம் எந்த நாட்டில் இருந்தாலும் வரும். ஆனால் வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிறுத்தப்படும். ஒன்ராறியோவில் வைத்தியக் காப்புறுதி அட்டையை வைத்திருக்கப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் அங்கே நிற்க வேண்டும். இங்கோ, இரட்டைப் பிரஜாவுரிமை வழங்கல் 2011 இல் நிறுத்தப்பட்டு 2015 இலிருந்தே மீண்டும் நடைபெறுகின்றது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் வயதைக் காட்டியே விண்ணப்பிக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை என்பது உண்மை. அதேவேளை கிளினிக் வரிசையில் விடியற்காலையிலேயே போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள முதியவருக்கு அந்த ஆள் யார்?

கணவர் இவ்வளவும் யோசித்து முடித்தாலும் மனைவியிடம் கேட்க மறந்துவிடுகின்றார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஊருக்கு வந்திருக்கும் ஆசை ஆண்களின் வாயிலேயே அதிகம் கேட்கின்றது. அவருடைய நினைவில் உள்ள ஊர் மதவடியும், பந்தடிக்கும் வெளியும், கோவில் மடப்பள்ளி வாசலும். மனைவியின் நினைவில் உள்ள ஊர் புகையடுப்பும், இருட்டினால் வெளிக்கிடக் கூடாது என்ற கட்டளையும், அயலட்டையின் கதையும். அங்கே அவர் தானே கார் ஓடி வேலைக்குப் போய், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, பேரப்பிள்ளையைப் பள்ளியால் ஏற்றிக்கொண்டு வருபவர். அறுபத்தைந்து வயதில் மீண்டும் குசினிக்குள் போவதற்கு அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையின்படி சீதனம் பெண்ணுக்கு உரியது. பல குடும்பங்களில் கணவர் "எங்கட வீடு" என்று ஏங்குவது மனைவியின் சீதன வீட்டைத்தான். உரித்தாளியைக் கேளாமல் குடிபூரத் திகதி வைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது.

ஊரும் எல்லோருக்கும் ஒரே ஊராக இருந்ததில்லை. வெளிவீதியோடு நிற்க வைக்கப்பட்டவர்கள் உண்டு. கிணற்றில் அள்ள விடப்படாதவர்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகள் பாரிஸிலோ ரொறன்ரோவிலோ எவர் முன்னும் தலை நிமிர்ந்து நடக்கின்றனர். அவர்களைப் பார்த்து "ஊர்ப்பற்று இல்லை" என்று குறை சொல்ல ஊருக்கு வாய் இல்லை.

இவ்வளவையும் சொன்னபின் ஊர் கேட்பதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கின்றது. காசு கடல் கடந்து வரும், தோள் வராது. இராஜகோபுரம் எழுந்ததும், மண்டபம் கட்டியதும், சித்திரத் தேர் செய்ததும் வெளிநாட்டு அன்பர்களின் உபயம் என்பதைச் சலவைக்கல் தோறும் வாசிக்கலாம். நன்றி மறத்தல் ஆகாது. ஆனால் திருவிழா அல்லாத நாளில் சுவாமி வீதி வர வேண்டுமென்றால் தோள் கொடுக்க ஆளில்லாமல் பல கோவில்களில் சகடையிலேயே எழுந்தருள்கின்றார். செத்த வீட்டிலும் இதே கதைதான். பாடை தூக்க ஆள் தேடும் அதே நேரத்தில் வீடியோ எடுக்க ஆள் ஆயத்தமாக நிற்கின்றார். மகன் அங்கே நடுச்சாமத்தில் திரையைப் பார்த்து அழுகின்றார். அவர் கொடுக்க வேண்டிய கொள்ளியை மருமகன் முறையான ஒருவர் கொடுக்கின்றார். அடுத்த ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு வந்து பிதிர்க்கடன் கழித்துவிட்டுப் போகிறார். கடன் கழிந்ததா என்பதை அவரிடம் எவரும் கேட்பதில்லை. அவர் தன்னைத்தான் கேட்டுக்கொள்கின்றார்.

கோவிற் பரிபாலன சபைகளும் இதிற் குற்றமற்றவை அல்ல. ஒரு விளக்கு உடைந்தாலும் கனடாவுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. முன்பு ஒரு பிடி அரிசியும், ஒரு குலை இளநீரும், ஒரு நாள் உழைப்பும் என்று வீட்டுக்கு வீடு கேட்டு நடந்த திருவிழா, இன்று ஒரே ஒருவரின் டொலரில் நடக்கின்றது. கேட்கப்படாத வீட்டுக்காரர் மெல்லப் பார்வையாளராகிவிட்டார். போனவர்கள் இல்லாத இடம் ஒன்று, இருப்பவர்கள் விலகிய இடம் இன்னொன்று.

இதைவிட மனதை உறுத்துவது வேறொன்று. "வாங்கோ தம்பி" என்று சொல்லும் அதே அண்ணை, கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "என்ர பெடியனுக்கு ஒரு ஸ்பொன்சர் பாத்துத் தாங்கோவன்" என்று கேட்கின்றார். 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைப் பார்த்த பெடியன் போக நினைப்பதிற் பிழை சொல்ல இயலாது. தகப்பன் கேட்பதிலும் பிழையில்லை. ஆனால் அறுபத்தைந்து வயதானவரை வா என்றும், இருபத்தைந்து வயதானவரைப் போ என்றும் சொல்லும் ஊர் எதை விரும்புகின்றது என்பதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். காவல் காக்க முதியவர்களா, வாழ இளையவர்களா?

வந்து தங்கியவர்களும் சிலர் உண்டு. நின்று பிடித்தவர்களைக் கவனித்தால், அவர்கள் மலாயன் பென்சனியரைப்போல ஏதோ ஒரு வேலையை நினைத்துக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கின்றார். இன்னொருவர் தரிசாய்க் கிடந்த தோட்டத்தில் வெங்காயம் வைக்கின்றார். வெறும் ஓய்வுக்கும் நினைவுக்குமாக வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மாரிக்கு முன்பே ரிக்கற் போட்டுவிட்டனர். தாங்கள் தேடிய ஊர் 1980 இல் இருந்தது, அதற்கு விமானம் இல்லை என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. உடம்பில் வலு இருக்கும்போது, மனைவியின் சம்மதத்தோடு, வருடத்தில் நாலைந்து மாதம் வந்து நிற்பவர்கள் இருபக்கக் கடனையும் ஓரளவு தீர்க்கின்றனர் எனலாம். அங்கேயே இருந்து பேரப்பிள்ளைகளை வளர்ப்பவரும் தன் கடமையை விட்டவர் அல்லர்.

ஆனால் வருபவர் திருவிழாவுக்கே வரவேண்டும் என்பதில்லை. திருவிழாவுக்கு ஊரில் ஆள் இருக்கின்றது. மார்கழியில், திருவெம்பாவைக் காலத்தில் வந்தால் நல்லது. அந்தப் பத்து நாளும் விடியற்புறம் நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் எடுத்துக்கொண்டு பனியில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போக வேண்டும். முன்னர் பெடியள் சண்டை பிடித்துச் சேமக்கலம் வாங்கிய இடத்தில் இப்போது இருவர் மூவரே போகின்றனர். சங்கு ஊதுபவருக்கு எழுபது வயதாகின்றது.