நவீன ஆலையும் அணுவிரதமும்

இல்லறத்தான் தொழில் செய்யாது வாழ்தல் இயலாது. உழவாயினும் வாணிகமாயினும் ஆலையாயினும் தொழிலிடத்துச் சிறிது இம்சை கலந்தே நிற்கும். அதனை 'உத்தியோகி இம்சை' என நம் பெரியோர் தனியே வகுத்தனர். முற்றும் விலக்கல் அரிதாயினும் விழிப்புடன் குறைத்தல் கடன் என்றனர். ஆலைகளுள் கணினியும் உணர்கருவியும் புகுந்துள்ள இந்நாளில் அக்கடன் யாது என்பதைச் சிந்திப்போம்.

2011-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்னும் பெயர் உலகிற்கு அறிமுகமாயிற்று. இயந்திரங்கள் தம் வெப்பத்தையும் அதிர்வையும் மின்செலவையும் தாமே அளந்து, ஒன்றோடொன்று செய்தி பரிமாறி இயங்குதலே இதன் சாரம். ஓர் ஆலை இதற்கு எவ்வளவு ஆயத்தமாக உள்ளது என்று அறிய, 2017-இல் அந்நாட்டின் அகாடெக் கழகம் ஆறு படிகளை வகுத்தது. கணினி புகுதல், கருவிகள் இணைதல், நடப்பதைக் காணல், அதன் காரணத்தை உணர்தல், வருவதை முன்னறிதல், அதற்கேற்பத் தானே மாறுதல் என்பன அவை. அதே ஆண்டில் சிங்கப்பூர் பொருளாதார வளர்ச்சிக் கழகம் 16 கூறுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டது. தொழிலாளர் பயிற்சியும் தலைவரின் திறனும் அவற்றுள் அடங்கும். இயந்திரத்தை மட்டும் எண்ணி ஆயத்தத்தை அளத்தல் இயலாது என்பதை அவர்களும் உணர்ந்தனர்.

நம் நாட்டில் 2016-இல் சிறுதொழில்களுக்கென ஒரு தரச்சான்றுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பொருளிற் குறையின்மை, சுற்றுச்சூழலுக்குத் தீங்கின்மை என்னும் இரண்டே அதன் குறிக்கோள். 2022-இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளாக அது சீரமைக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு, 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை இப்புதிய தொழில்நுட்பம் கற்பிக்குமாறு உயர்த்த ஒப்பந்தம் செய்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். கண்டாச்சிபுரம் முதல் திண்டிவனம் வரை நெல்லே பலர்க்கு வாழ்வு. நம் குடும்பங்களிலும் உழவர் மிகுதி. அரிசி ஆலையில் புதுமை புகுந்தால் அதன் நன்மை தீமை இரண்டும் நம் வாயிலை எட்டும். முன்னாளில் நெல்லைப் பல்லாற் கடித்து ஈரம் கணித்தனர். அந்தக் கணிப்பால் எடை குறைக்கப்பட்டபோது உழவன் மறுத்துரைக்க வழியில்லை. இன்று ஈரமானி நொடியில் எண்ணைக் காட்டுகின்றது. அரசு கொள்முதலில் 17 விழுக்காடு ஈரம் பொது வரம்பு; அவ்வரம்பை ஒட்டிய நெல்லில் ஓர் எண் மாறினும் உழவனுக்கு இழப்பே. அந்த எண் ஆலை உரிமையாளரின் பக்கம் மட்டும் திரும்பியிருக்குமாயின் ஆலை நவீனமாயிற்று. அறம் பழைய இடத்திலேயே நின்றது.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர், பொய்யளவையையும் கலப்படத்தையும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களாக எண்ணுகின்றார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும், சார்ந்த உயிர்க்கு உணவு நீரைத் தடுத்தலும் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்கள். ஆலை அதிபர் இவற்றைத் தம் அளவுகோலாகக் கொள்ளலாம்.

நிறம் பிரிக்கும் இயந்திரம் பழுதுற்ற அரிசியை ஒளியாற் கண்டு காற்றால் ஒதுக்கித் தள்ளுகின்றது. உலர்த்தும் இயந்திரம் வந்தபின் களத்து வெயிலில் நெல்லைக் கிளறும் துன்பம் இல்லை. உடல் வருத்தம் குறைதல் நன்றே. ஆயினும் அப்பணியால் உண்டு வாழ்ந்த பெண்டிரை வெறுங்கையுடன் அனுப்புதல், உணவைத் தடுத்தலினின்று எத்துணைத் தொலைவு? மாறாக, எஞ்சியிருப்போர் ஒவ்வொருவரின் நடையையும் நொடிக்கு நொடி கணக்கிட்டு மேலும் விரட்டுதல், மிகைப்பாரம் ஏற்றுதலே அன்றோ?

இயந்திரத்தை வேண்டா என்பது நம் கருத்தன்று. தூசியும் விபத்தும் மின்விரயமும் அதனாற் குறையுமாயின் அதுவும் உயிரோம்பலே. ஆனால் புதுக் கருவிக்கு முன்பணம் கொடுக்குமுன் ஆலை நடத்துவோர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டல் நலம். கருவி காட்டும் உண்மையை உழவனுக்கும் காட்டுவேனா? தொழிலாளியின் சுமையை அது குறைக்குமா, கூட்டுமா? வேலை இழப்போருக்கு வேறு பணி கற்பித்தேனா? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை கூறக்கூடியவரே உண்மையில் ஆயத்தமானவர். நம் இல்லங்களிலிருந்து தொழில் தொடங்கப் புறப்படும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.